நான்கு விரற்கடை

படகு ட்ரெய்லர் என்பது செருப்பு மாதிரி. அடுத்தவன் காலுக்குத் தைத்ததை மாட்டிக்கொண்டு நடந்தால் கடிக்கத்தான் செய்யும்.

நம் படகு கிளப்பின் சக உறுப்பினர் பஞ்சாயத்து என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: கிரேனின் சுவிட்சுப் பெட்டி எங்கே? ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் தலைவர் போக்னா அம்மா நாற்பது வருஷம் மருந்துக்கடையில் இருந்தவர். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்தை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே ஆரம்பத்திலிருந்தே எழுதித் தருகிறேன்.

செவெரின் என் பக்கத்து வீட்டுக்காரன். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அன்ஸெல்ம் ஆகிய நான் ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்பு அவன் ஐந்தரை மீட்டர் நீளத்தில் ஒரு பாய்மரப் படகு வாங்கினான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். கோடை தொடங்கியதும் நம் ஏரியில் இறக்கி, கால்வாய் கால்வாயாக மசூரியா ஏரிகள் முழுவதும் சுற்றிவிட்டு செப்டம்பரில் திரும்புவது என்று அவனும் அவன் மனைவி ஒடிலியாவும் முடிவு செய்திருந்தார்கள். வாங்கிய கையோடு அவள் வாசலிலேயே பாட்டிலை உடைத்துப் படகுக்குப் பெயரும் வைத்துவிட்டாள். ஞானஸ்நானம் ஆகி ஐந்து வருஷமாகியும் சொட்டுத் தண்ணீர் படாத பிள்ளை இந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான்.

படகு வந்து இறங்கிய ட்ரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வண்டி, தட்டையான மீன்பிடி படகு ஒன்றுக்காகச் செய்தது. அதைச் சரிசெய்ய செவெரின் என்னைக் கூப்பிட்டான். முதல் வருஷம் நான் செய்தது சுத்தமான வேலை. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. படகின் வயிற்றை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். 'டம்' என்றால் உள்ளே வெறும் கூடு, 'டொக்' என்றால் குறுக்குத் தடுப்பு. டொக் கேட்ட இடத்தில் மட்டும் பக்கத் தாங்கிகளை வைத்தேன். எடை நடுவிலுள்ள ரப்பர் உருளைகளில் விழ வேண்டும். பக்கத் தாங்கிகள் படகைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். பின்முனை கடைசி உருளையைத் தாண்டித் தொங்கக் கூடாது. காரின் கொக்கியில் விழும் மூக்குப் பாரமும் கணக்காக இருக்க வேண்டும். அது குறைந்தால் சாலையில் ட்ரெய்லர் வாலாட்டும். அதை அளக்க ஒடிலியாவின் குளியலறைத் தராசை எடுத்து வந்தோம்.

"அம்பத்தெட்டு கிலோ," என்றான் செவெரின், தரையில் படுத்தபடியே.

"என்னைவிட ஒல்லியா இருக்கா. அதான் நாள் பூரா அவ காலடியிலயே கெடக்கிற," என்றாள் ஒடிலியா. சொல்லிவிட்டு எங்களுக்குக் கசகசா ரோல் வெட்டிவைத்தாள்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. செவெரின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கெளம்பறோம்டா. செப்டம்பர்ல பாப்போம்."

நான் மனைவியை இழந்தவன், பிள்ளைகள் இல்லை. செப்டம்பர் எவ்வளவு தூரம் என்பதை அவன் யோசிக்கவில்லை. மறுநாள் அவர்கள் பூசைக்குப் போயிருந்தபோது பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு வேலியைத் தாண்டினேன். இழுவைப் பட்டையைத் தளர்த்தி, படகை நான்கு விரற்கடை பின்னால் உருளவிட்டேன். அதன் மூக்கு வந்து முட்டும் தூணையும் அதே அளவு பின்னால் தள்ளி முடுக்கினேன். செய்தது அவ்வளவுதான்.

"இந்த நெலமையிலயா இழுத்துட்டுப் போகப் போற?" என்று, பூசையிலிருந்து திரும்பிய செவெரினிடம் காட்டினேன். "பின்பக்கம் அந்தரத்துல நிக்குது பாரு. அடி வளைஞ்சிரும்டா. ஒரு வாரம் பொறு."

"நேத்து நாமதான் ஒழுங்கா முடுக்காம விட்டிருக்கோம். நல்லவேளை நீ பாத்த," என்றான். அவன் சொன்ன நன்றி மனதாரச் சொன்னது. அதை நான் மறக்கவில்லை.

ஒரு வாரம் ஒரு கோடையாயிற்று. அடுத்த வருஷம் அச்சை நகர்த்தினேன். தராசு இருபது கிலோ காட்டியது. அதற்கடுத்த வருஷம் என் கவனக்குறைவால் எல்லாமே சரியாக அமைந்துவிட்டது, ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று கிளம்பினால் ஆகாது என்பது படகுக்காரர் சாஸ்திரம், அன்று எவன் படகை இறக்குவான்? இன்னொரு முறை தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டோம். "சக்கரத்துப் பேரிங் சூடா இருக்கும்டா. அப்பிடியே இறக்கினா தண்ணிய உள்ள உறிஞ்சிக்கும், ஆறட்டும்," என்றேன். விஷயம் உண்மை, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். வீட்டிலிருந்து ஏரி எண்ணூறு மீட்டர். ஒரு மணி நேரம் ஆறவைத்தோம். மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் காப்பி வரும். அவன் ட்ரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு எந்த நதி எங்கே பிறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான். நான் நட்டை முடுக்குவேன். அப்போதெல்லாம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

இந்த ஏப்ரலில் ஒடிலியா வாசலில் வந்து நின்றாள்.

"செவெரின், யோவான் திருநாளுக்குள்ள படகு தண்ணியில இருக்கணும். இல்லேன்னா நான் தோருன்ல எங்க அக்கா வீட்ல இருப்பேன். அஞ்சு வருஷமா நீ இரும்போட குடும்பம் நடத்துற." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்ஸெல்ம், நீங்க ரயில் பெட்டியெல்லாம் இப்பிடித்தான் ரிப்பேர் பண்ணீங்களா? அப்புறம் ரயில் எப்பிடி ஓடுச்சு?"

நியாயமான கேள்விதான்.

செவெரின் வாழ்க்கையில் முதல் முறையாக என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். ஜூன் இருபத்துநாலு, யோவான் திருநாளன்று பத்து மணிக்குக் கிளப் கிரேனைப் பதிவு செய்துவிட்டான். கிரேன் பட்டையைப் போட்டுப் படகைத் தூக்கித் தண்ணீரில் வைத்துவிடும். ட்ரெய்லர் பொருந்தினாலும் ஒன்றுதான், பொருந்தாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு மனிதனின் ஐந்து வருஷ உழைப்பைப் பத்து நிமிஷத்தில் அவமதிக்கிற யந்திரம் அது.

அன்று காலை ஏழு மணிக்குச் சுவிட்சுப் பெட்டியை ஒயரோடு கழற்றினேன். அது இருக்கும் அலமாரி பூட்டியிருக்கவில்லை, பஞ்சாயத்து அதையும் கவனிக்கலாம். பெட்டி படகுத்துறையின் கடைசிக் கம்பத்தருகே மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் இந்த விவகாரத்தில் ஏரிக்குள் இறங்கியது அது மட்டும்தான்.

ஒடிலியா வெள்ளை பேண்ட் போட்டு, இரண்டு பைகளோடும் ஒரு டப்பா உருளைக்கிழங்கு சாலட்டோடும் வந்தாள். கிரேன் அசையவில்லை. இரண்டு மணிவரை நின்றாள். திட்டவில்லை.

"பஸ் ரெண்டு இருவதுக்கு," என்றாள். சாலட் டப்பாவை என்னிடம் நீட்டினாள். "நீங்களாவது சாப்பிடுங்க. எங்க ரெண்டு பேருக்காக எவ்வளவோ கஷ்டப்பட்டீங்க."

சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் கூடுதல்.

செவெரின் ட்ரெய்லரின் முன்கம்பியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "எங்கடா தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டான். ட்ரெய்லரை விசாரித்து வாங்கியிருக்கலாம் என்றேன்.

இப்போது அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். புகார் கொடுத்தவன் அவன்தான்; நான் அவன் பக்கம் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நம்புகிறான். என்னைக் கிளப்பிலிருந்து நீக்குங்கள், ஏற்றுக்கொள்கிறேன். இந்தத் தாளை மட்டும் அவனிடம் காட்ட வேண்டாம். என் மானத்துக்காகக் கேட்கவில்லை. அவன் காலையில் வருகிறான், சாயங்காலமும் வருகிறான், ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டில்தான் சாப்பாடு. அவனுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மனைவி விட்டுப்போன மனிதனை நட்டாற்றில் விடுகிறவன் நான் இல்லை.