கூட்டம் மாறுன புள்ளி

இல்லக்கா, ஊசி எனக்கில்ல. நீங்க ரத்தம் எடுக்கக் குத்தும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன், தப்பா நினைக்காதீங்க. ரத்தத்துல ஆராய்ச்சி பண்றவளுக்கு ரத்தம்னா பயம். சிரிங்க, பரவால்ல, எங்க லேப்லயும் சிரிப்பாங்க. நான் பாக்கறதெல்லாம் கம்ப்யூட்டர்லதான். அதுல சிவப்பே கிடையாது, வெறும் புள்ளியும் கோடும்.

ஆள் வெளிய லிஃப்ட்கிட்ட நிக்கறாரு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். கதவுச் சத்தம் சரியில்லையாம், காதை வச்சுக் கேட்டுட்டு இருக்காரு. வந்துருவாரு. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன்க்கா. ஒரு வாரமா சோறு இறங்கல எனக்கு.

புள்ளியா? ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரோட்டீன். எது எதோட சேந்து வேலை செய்யுதோ, அதுங்களுக்கு நடுவுல ஒரு கோடு. ஆயிரக்கணக்குல இருக்கும், பூனை பிராண்டுன நூல்கண்டு மாதிரி. அதுல எதெல்லாம் ஒரே கூட்டம்னு பிரிக்கறதுதான் என் வேலை. இந்த ஆஸ்பத்திரியவே எடுத்துக்கங்களேன். யாருக்கு என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா நாள் பூரா யாரு யாரோட பேசறாங்கன்னு குறிச்சு வச்சா போதும். நீங்க, மைக்ராஸ்கோப் அண்ணன், ரிப்போர்ட் அடிக்கிற பொண்ணு, மூணு பேரும் ஒரு கூட்டம்னு தானா தெரிஞ்சிரும். வாட்ச்மேன் டிரைவருங்களோட இருப்பார். அவரு திடீர்னு மருந்து ஸ்டோர்லயே பழியா கிடந்தா? அதேதான், ஏதோ சரியில்ல. நாங்க ஆராயற நோய்லயும் ஆரம்பத்துல அப்படித்தான். ஒரு புரோட்டீன் தன் கூட்டத்தை விட்டுட்டு வேற கூட்டத்துல போய் ஒட்டிக்குது. ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா சாப்பிடுவார், நல்லா தூங்குவார்.

ஒப்பிட்டுப் பாக்க, நோயில்லாதவங்க ரத்தமும் வேணும். அதுக்குன்னு யாரு வருவா? லேப்ல இருக்கறவங்க, தெரிஞ்சவங்கதான் கை நீட்டுவோம். அம்பது வயசுக்கு மேல ஒரு ஆள் குறைஞ்சுது. அப்படி வந்ததுதான் ஏழாம் நம்பர். குழாய்ல நம்பர் ஒட்டுனது நான்.

படம் போட்டா, நோயில்லாத பதினோரு பேர்ல பத்துப் பேர் ஒரே மாதிரி. ஏழு மட்டும் கோணல். வாட்ச்மேன் ஸ்டோர்ல நிக்கறார். எங்க லேப் மேடம் பாத்தாங்க. சாம்பிள் கெட்டிருக்கும், தூக்கிடுன்னாங்க. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான்க்கா, மேடம் சொன்னா அது சட்டம். அதுவும் இல்லாம, அன்னிக்கு ஐஸ்ல வைக்க நான் பத்து நிமிஷம் லேட்டு, அது நிஜம். சரின்னு அந்த ஒரு வரியை அழிச்சேன். அழிச்சதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இப்ப அந்த நிம்மதியத்தான் என்னால மன்னிக்க முடியல.

போன வாரம் புதுசா ஒன்பது நோயாளிங்களோடது வந்துச்சு. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்ச கேஸ்; அதுக்கு முன்ன நாங்க பாத்ததெல்லாம் முத்துனது, அதுல படமே வேற மாதிரி இருக்கும். படம் போட்டேன். ஒன்பதும் அப்படியே அந்த ஏழாம் நம்பர் மாதிரி. அதே புரோட்டீன், அதே கூட்டத்துல. அந்த வரியை அழிச்சு எட்டு மாசம் போயிருச்சுக்கா.

சொன்னேனே, மேடம்கிட்ட சொன்னேன். முகமே மாறிப்போச்சு அவங்களுக்கு. படத்தை மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது, முதல்ல டாக்டரைப் பாத்து மறுபடி ரத்தம் எடுங்கன்னாங்க. இதோ டாக்டர் சீட்டு. எங்களுக்கும் ஒரு குழாய் வேணும். ஐஸ் பெட்டி நானே கொண்டு வந்திருக்கேன், எடுத்த கையோட வச்சிருங்க. இந்தத் தடவை லேட்டுன்னு சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இருக்கக் கூடாது.

அவருக்கா? இன்னும் தெரியாது. எப்படிக்கா சொல்றது? என் ரத்தம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு போற பில்டிங்ல எல்லாம் சொல்லிட்டுத் திரியறார். லிஃப்ட் நிக்கறதுக்கு முன்னாடியே சத்தத்துல கண்டுபிடிக்கிற மனுஷர், சின்ன கிறீச்சைக் கூட விட்டதில்ல. நான் விட்டுட்டேன். ரிசல்ட் வரட்டும், எதுவா இருந்தாலும் நானே சொல்லிடறேன், வரியை அழிச்சதையும் சேத்து.

அதோ வர்றாரு. முகத்துல எதையும் காட்டிடாதீங்கக்கா.

அப்பா, வாங்க, இங்க உக்காருங்க. கையில கிரீஸ், இந்தாங்க, தொடைச்சுக்கங்க. ஆமாப்பா, உங்க ரத்தம் அவ்வளவு நல்லா இருந்துச்சாம், அதான் மறுபடியும் கேட்டாங்க. இல்லப்பா, இன்னிக்கு நான் திரும்பிக்கல. நீங்க குத்துங்கக்கா.