தொடங்காத வழக்குக்குக் கேசரி

மொன்றியலின் வில்லரேயில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு கேசரி டப்பா.

"வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. அதுக்குத்தான் இந்தக் கேசரி."

"தொடங்காத வழக்குக்கோ, அக்கா?"

"ஓம். எங்கட இவரைக் கடையிலை வைச்சுக் காலிலை சுட்டாங்களெல்லே, அந்தத் துவக்கைச் செய்த கொம்பனிக்கு எதிரான வழக்கு. கொம்பனிக்காரர் தாங்கள் அமெரிக்காவிலை இருக்கினமாம், மொன்றியல் கோட்டுக்குத் தங்களை விசாரிக்க உரிமை இல்லையாம். நேற்று நீதிபதி, இஞ்சையே விசாரிக்கலாம் எண்டிட்டா."

"பின்னை! துவக்கு இஞ்சை வரலாம், அவைக்கு மட்டும் வரேலாதோ?"

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அண்ணை என்ன சொன்னவர்?"

"நீதிபதி வரேக்கை எல்லாரும் எழும்பினவை. இவரும் ஊண்டுகோலைப் பிடிச்சு எழும்பினவர், பிறகு கதிரையிலை இருக்கவே இல்லை. நீதிபதியே இருக்கச் சொன்னவ. 'இவ்வளவு காலமும் இருந்தனான்தானே, இதை நிண்டுதான் கேப்பன்' எண்டிட்டார்."

"வழக்கு வெண்டால் என்ன பலகாரம், அக்கா?"

"வெல்லுறது பேந்து. முதல் அவை இஞ்சை வந்து, இவருக்கு முன்னாலை எழும்பி நிக்கட்டும். நீ கேசரியைச் சாப்பிடு."