யோரின் வீட்டுக் கட்டில்

காப்பி எப்படி இருக்கிறது? கீழ்த்தட்டுக் காப்பி அது. கடைக்காரர்கள் விலை கூடியதைக் கண்ணுக்கு நேராக அடுக்கிவிட்டு, மலிவானதை முழங்காலுக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். குனிகிறவர்களுக்கு லாபம். கல்யாணமான நாளிலிருந்து நான் குனிந்துகொண்டுதான் இருக்கிறேன். பிஸ்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று. டப்பாவை மூடிவிடுகிறேன், காற்றுப் பட்டால் நமுத்துவிடும்.

அக்கம்பக்கத்துச் சண்டைகளைப் பேசித் தீர்ப்பதற்கு நகராட்சியிலிருந்து ஆள் வருவார், சம்பளம் வாங்காமல் செய்கிறார் என்று சொன்னார்கள். நல்ல காரியம். பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி, ஹார்மும் யோரினும், போடும் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தது நான்தான். சனிக்கிழமை ஹார்ம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். பக்கத்து ஊர் ஹோகவேயனில் அறை பார்த்துவிட்டான். அதற்குள் நீங்கள் அவர்களைச் சேர்த்துவைத்தாக வேண்டும். சேர்த்துவைக்க உங்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவை எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

இந்த மெப்பல் ஊரில், எங்கள் தெருவில் என்னைக் கேட்காமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. கேட்டுவிட்டு நான் வேண்டாம் என்றதையே வாங்குவார்கள், அது வேறு. கடைசி வீட்டுக்காரர் தானாகப் புல் வெட்டும் இயந்திரம் வாங்கினார். அது அழகாக வெட்டிக்கொண்டே போய்க் கால்வாயில் இறங்கிவிட்டது. இறங்கும்போதுகூட வரிசை தவறவில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் இருபது வேலை செய்யும் சமையல் இயந்திரம் வாங்கினாள். இப்போது அது ரொட்டிப் பெட்டிக்கு முட்டுக்கொடுக்கும் ஒரே வேலையைச் செய்கிறது. இவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "நீங்க சொன்னது சரிதான், ரூலி" என்பார்கள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

யோரினும் கேட்டாள். போன வசந்தத்தில், கட்டில் வாங்கலாமா என்று. எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல ஒரு கட்டில், இரண்டு மெத்தை. ஆனால் இந்தக் கடையில் மனிதர்களைப் படுக்கவைத்து அளவெடுக்கிறார்களாம். தோள் எங்கே அழுத்துகிறது, இடுப்பு எங்கே இறங்குகிறது என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் தனி மெத்தை. விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்குக் காரே வாங்கலாம் என்றேன். கண்ணை மூடிய பிறகு எல்லா மெத்தையும் ஒன்றுதான் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் கட்டில் வந்து இறங்கியது.

இறங்கியது என்பதுகூடத் தப்பு, ஏறியது. எங்கள் தெரு வீடுகளின் மாடிப்படிகளில் பூனையே பக்கவாட்டில்தான் போகும். அதனால் ஏணி வண்டி வைத்து ஜன்னல் வழியாக ஏற்றினார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. எல்லாரும் மெத்தையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்கியவர்கள் வருத்தப்படுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை காத்திருக்க எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை, அதனால் நான் எட்டிப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நடந்து போனேன், கண்ணில் பட்டது. யோரின் காலையில் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். ஹார்ம் பால் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறவன், யானை மாதிரி உடம்பு. அவன் காலையில் வாசலில் நின்று சோம்பல் முறித்துவிட்டு எனக்குக் கையாட்டினான். அதற்கு முன்னால் அவன் காலையில் யாருக்கும் கையாட்டியதில்லை.

பிறகு யோரினின் பிறந்தநாள் வந்தது. வட்டமாக நாற்காலி போட்டு, எல்லாரும் எல்லாரையும் வாழ்த்தி, கேக் தின்று முடித்ததும் ஹார்ம் என் வீட்டுக்காரர் வுப்போவைக் கட்டில் பார்க்க மேலே கூட்டிக்கொண்டு போனான். வுப்போ வாழ்நாள் முழுவதும் தரை ஓடு பதித்தவர். முதுகு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. நான் மேலே போனேன். ஷூவைக் கழற்றிவிட்டு ஹார்மின் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்.

"ரூலி, என் முதுகு எங்க போச்சுன்னே தெரியல," என்றார்.

நான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில் அந்த முகம் இல்லை. பிள்ளை பிறந்தபோதும் இல்லை. எழுந்திருங்கள், காப்பி ஆறுகிறது என்றேன். இன்னும் கொஞ்சம் என்றார். ஹார்ம் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் விடுங்க, நாங்க வேணா உங்க வீட்டுல போய்ப் படுத்துக்கறோம்," என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வுப்போ எங்கள் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். நம் மெத்தைக்கு என்ன குறை என்று நானே கேட்டேன். "ஒண்ணுமில்ல ரூலி, சும்மா நெனச்சுப் பாத்தேன்," என்றார். எத்தனை வருடத்தை நினைத்துப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிற மனிதர் அவர்.

ஜூலையில் அவர்கள் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். இந்தத் தெருவில் பாதி வீட்டுச் சாவி என் சமையலறை ஆணியில்தான் தொங்குகிறது. செடிகளை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன், யோரினே பிறகு பாராட்டினாள்.

மாடியில் ஒரு செடி இருந்தது. அதற்கு ஊற்றப் போனவள், அப்படியே மெத்தைகளை இடம் மாற்றிவைத்தேன்.

எதையும் எடுக்கவில்லை. எதையும் கெடுக்கவில்லை. உறை இரண்டும் ஒரே சாம்பல் நிறம், உள்ளேதான் வித்தியாசம். யோரின் பல் மருத்துவரிடம் வேலை செய்கிற ஒல்லிப் பெண், அவளுடையது பஞ்சுபோல் இருக்கும். ஹார்முடையது பலகைபோல். ஒன்றைச் சுவரில் சாய்த்து, மற்றதை முழங்காலால் தள்ளி, விரிப்புகளை அவரவர் பக்கத்தில் மடிப்பு விழாமல் போட்டேன். கஷ்டமான வேலைதான். வுப்போவைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அவருக்கு முதுகு.

இதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ தெரியாது. நான் இதைச் சோதனை என்பேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருள், அரை கஜம் நகர்ந்தால் உதவாது என்றால் அது நல்ல பொருளா? இதை யாராவது அவர்களுக்குக் காட்டியாக வேண்டும்.

திரும்பி வந்ததும் முதலில் கூடாரத் தரையைக் குறை சொன்னார்கள். பிறகு வயதைக் குறை சொன்னார்கள். அதன் பிறகு ஒருவரையொருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். யோரின் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பையே திருப்பிக்கொண்டு சைக்கிள் ஓட்டினாள். ஹார்ம் பள்ளத்தில் விழுந்த மாடுபோலக் காலையில் எழ முடியாமல் கிடந்தானாம். கடைக்காரன் பேச்சில் மயங்கியது நீதான் என்று அவனும், அகலக் கட்டில் கேட்டது நீதான் என்று அவளும். கையாட்டுவது நின்றது. பாட்டு நின்றது. செப்டம்பரில் ஹார்ம் மாடிக்கு மேலே பரணில் போய்ப் படுத்துக்கொண்டான்.

யோரின் இங்கே வந்து அழுதாள். "தூங்கறதுக்குன்னு இவ்ளோ பணம் போட்டோம் ரூலி, தூக்கத்தத் தவிர எல்லாம் வந்துடுச்சு," என்றாள். பிறகு, நான் எதிர்பார்த்த அந்த வாக்கியத்தையும் சொன்னாள். நான் அவள் தோளைத் தடவிக்கொடுத்தேன். இரண்டாவது பிஸ்கெட்டும் கொடுத்தேன். அதை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அத்தோடு மாற்றிவைத்துவிடத்தான் இருந்தேன். சோதனை முடிந்துவிட்டதே. ஆனால் நான் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி அவர்கள் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. சண்டை போடுகிறவர்கள் ஊருக்குப் போவதில்லை. சுவர் வழியாக எல்லாம் கேட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். வெளியாள் யாராவது வந்தால் நல்லது என்று.

நீங்கள் வருவதற்குள் கடைக்காரன் வந்துவிட்டான். யோரின் ஆத்திரத்தில் கூப்பிட்டிருக்கிறாள். அவன் உறையின் ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டும் இடம் மாறியிருக்கிறது என்றான். ஒரே நிமிஷத்தில் சரியாகப் போட்டுவிட்டுப் போய்விட்டான். முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

"இந்த வீட்ல ரெண்டு பேர்தான் இருக்கோம். நான் பண்ணல," என்று ஹார்ம் சொன்னது எனக்கு இங்கே கேட்டது.

அதற்கு யோரின், "அப்ப நான்தான் என் கழுத்த நானே ஒடிச்சுக்கிட்டேனா?" என்றாள்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சத்தம் இல்லாததைப் பற்றிப் புகார் கொடுக்க முடியாது, இல்லையா? தன்னை மாதக்கணக்கில் வேண்டுமென்றே வதைத்தவர் பக்கத்தில் எப்படிப் படுப்பது என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது என்பது இருவருக்கும் தோன்றவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளை யார் நினைப்பார்கள்?

இத்தோடு நான் சும்மா இருந்திருப்பேன். குடும்பத்துக்குள் மூன்றாம் மனிதர் நுழைவது எனக்குப் பிடிக்காது. ஆனால் நேற்று விற்பனை விளம்பரம் போட்டுவிட்டார்கள். கட்டில், மெத்தை இரண்டு, சில மாதமே உபயோகித்தது, சனிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். விலை, வாங்கியதில் பாதிகூட இல்லை. வுப்போ அதைப் பார்த்துவிட்டார். போனை என் மூக்கு வரை நீட்டினார்.

"நீதானே சொல்லுவ, அடுத்தவன் வாங்கி நொந்துபோனத பாதி விலைக்கு வாங்கறவன்தான் புத்திசாலின்னு? ஹார்ம் பக்கம் எனக்கு. யோரின் பக்கம் உனக்குச் சரியா இருக்கும்னு நெனைக்கிறேன்."

என் வார்த்தையையே எடுத்து என்னிடம் கொடுத்தார். பாதி விலை என்றால் அது ஊதாரித்தனம் இல்லை. என் கணக்குப்படியே இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினால் அது வீட்டுக்குள் வரும், அவர் அதில் படுப்பார், அந்த முகத்தோடு தினமும் காலையில் எழுந்து கீழே வருவார். இத்தனை வருடம் எங்கே போச்சு ரூலி என்று ஒரு நாள் கேட்பார். தெருவே வாசலில் நின்று ஏணி வண்டியைப் பார்க்கும்.

அதனால் இப்போதே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். மாற்றியது ரூலி, ஹார்மும் இல்லை, யோரினும் இல்லை. அவர்கள் அழட்டும், கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும், என்னைத் திட்டட்டும். கட்டில் மட்டும் அந்த ஜன்னலைத் தாண்டி வெளியே வரக் கூடாது. சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். நகல் எடுக்க ஒன்றும் பெரிய செலவில்லை.

என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. நல்லதைச் செய்கிறவர்கள் நல்ல பெயர் எடுப்பதில்லை. அதிக விலை கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு குடும்பம் பட்ட பாட்டை இந்தத் தெரு முழுக்கப் பார்த்துவிட்டது. இனி யாரும் அளவெடுத்து மெத்தை வாங்கமாட்டார்கள்.

போகும் முன் வேண்டுமானால் மேலே வந்து எங்கள் மெத்தையைப் பாருங்கள். கல்யாணத்துக்குத் தள்ளுபடியில் வாங்கியது. என் பக்கம் கொஞ்சம் குழி விழுந்திருக்கிறது. ஆனால் வுப்போவின் பக்கம், யோரினின் அந்தப் பிறந்தநாளிலிருந்து அவர் சமையலறைத் தரையில் படுப்பதால், அதன் பிறகு கொஞ்சம்கூடத் தேயவில்லை. எந்த விலையுயர்ந்த மெத்தை இப்படி உழைக்கும், சொல்லுங்கள்.