சனிக்கு மூத்தவர்

"வானத்துல நட்சத்திரம் எரிஞ்சா எங்களுக்கென்ன?"ன்னு பின்வரிசை அண்ணாச்சி கேட்டாரே... நியாயமான கேள்வி! அதுக்கு என்கிட்ட ஒரு சின்னக் கதை இருக்கு, அதைச் சொல்லாம மைக்கை விடமாட்டேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்க ஐயா, நல்லாப் பாருங்க. உங்க கடிகாரத்துக்கும் இந்தக் கதையில பங்கு இருக்கு.

சாத்தூர்ப் பக்கம் குருவையான்னு ஒருத்தர். கிரில் பட்டறை வச்சிருக்கார். ஜன்னல் கம்பி, கேட்டு, மாடிப்படி... வாரத்துல ஆறு நாள் இரும்போடதான் குடித்தனம். சனிக்கிழமை மட்டும் பட்டறைக்குப் பூட்டு. ஏன்? இரும்பு சனீஸ்வரனுக்கு உரியதாம். சனிக்கிழமை இரும்பு வாங்கினா கூடவே அவரும் வீட்டுக்குள்ள வந்துருவாராம். மனுஷன் அன்னைக்கு ஒரு குண்டூசி வாங்கமாட்டார்!

இன்னொரு குணமும் உண்டு. மூத்தவங்கன்னா அவருக்கு உயிர். விசேஷ வீட்டுல, தன்னைவிட மூணே மாசம் மூத்த பெரியப்பா மகன் இலையில உக்காராம இவர் கை நனைக்கமாட்டார். அந்த ஆளு பீடி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் சோறு ஆறும், ரசம் ஆறும், இவர் நிப்பார். கேட்டா, "மூத்தவன் மூத்தவன்தான்யா. அவன் சின்னவன்கிட்ட உத்தரவு கேப்பானா?"ம்பார்.

இவரோட மருமக ரேணுகா. பி.எஸ்சி. இயற்பியல் படிச்ச பொண்ணு. ஏழு மாசக் கர்ப்பம். ரத்தத்தைச் சோதிச்சா ஹீமோகுளோபின் ஏழு கிராம்தான் இருக்கு. பதினொண்ணாவது இருக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல எஸ்தர் சிஸ்டர் சொல்லிட்டாங்க, "மாத்திரை பத்தாதும்மா. இரும்புச் சத்தை டிரிப்ஸ்ல ஏத்தணும். டாக்டரம்மா சனிக்கிழமைதான் வருவாங்க, வந்துரு."

சனிக்கிழமையா! குருவையா குதிச்சார் பாருங்க... "சனிக்கிழமை இரும்பா? அதுவும் என் பேரப்பிள்ளை இருக்கிற வயித்துக்கா?"

முதல் சனி போச்சு. ரெண்டாவது சனியும் போச்சு. புருஷன்காரன் என்ன செஞ்சான்? அப்பா முகத்தைப் பார்த்தான்... பொண்டாட்டி முகத்தைப் பார்த்தான்... அப்புறம் போனைப் பார்த்தான்! ஏன் இங்க சில பேர் தலையைக் குனியறீங்க?

அடுத்த வெள்ளிக்கிழமை, துணி காயப்போடப் போன பொண்ணு கொடிக்கயித்தைப் புடிச்சுக்கிட்டே சரிஞ்சு விழுந்துருச்சு. சிஸ்டர் வீட்டுக்கே வந்து கத்துனாங்க. "ஐயா, இதே ரத்தத்தோட பிரசவத்துக்கு வந்தா இவ தாங்கமாட்டா. தாயா பிள்ளையான்னு அப்ப என் முன்னாடி வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்!"

குருவையாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. கெட்டவர் இல்லைங்க, பயந்தவர். "நான் என்ன தாயி செய்ய? சனி புடிச்சா ஏழரை வருஷமாச்சே..."

ரேணுகா படுத்துக்கிட்டே கேட்டா, "மாமா, நீங்க வெல்டிங்ல கம்பியைக் கம்பியோட ஒட்டுறீங்கல்ல? நட்சத்திரமும் அந்த வேலைதான் பார்க்குது. சின்ன அணுவை ஒட்டிப் பெரிய அணு. ஹைட்ரஜனை ஒட்டி ஹீலியம், ஹீலியத்தை ஒட்டிக் கரி, அப்புறம் ஆக்சிஜன், சிலிக்கான்... ஒட்ட ஒட்டச் சூடு வரும். அந்தச் சூடுதான் நட்சத்திரம் உள்ள இடிஞ்சு விழாமத் தாங்குது. ரொம்பப் பெரிய நட்சத்திரம்னா கடைசியில இரும்பு வரைக்கும் வந்துரும்."

"சரி, அதுக்கு மேல?"

"இரும்பை ஒட்டினா சூடு வராது மாமா. தாங்க ஆளில்லாம நடுப்பகுதி ஒரே நொடியில இடிஞ்சுரும். நட்சத்திரமே வெடிச்சுச் சிதறிடும். அப்படிச் சிதறின தூசியும் சேர்ந்துதான் பின்னாடி நம்ம சூரியன் வந்துச்சு, பூமி வந்துச்சு... உங்க சனியும் வந்துச்சு."

குருவையா நிமிர்ந்தார். "பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"அப்ப இரும்பு... சனிக்கு மூத்ததா?"

"ரொம்ப மூத்தது மாமா. நீங்களே சொல்லுங்க, மூத்தவர் சின்னவர்கிட்ட உத்தரவு கேக்கணுமா?"

மனுஷன் துண்டால முகத்தைத் துடைச்சார். மெதுவாச் சொன்னார், "அடச்சே... நேத்து வந்த பயலுக்கா இத்தனை நாள் பயந்தேன்!"

மறுநாள் சனிக்கிழமை. எட்டு மணிக்கே ஆட்டோ. சிஸ்டர் இரும்பு மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டுனாங்க. குருவையா படக்குனு எந்திரிச்சு, தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நின்னார். "உக்காருங்கய்யா"ன்னாங்க சிஸ்டர். "அதெப்படிம்மா? பெரியவர் இறங்கிக்கிட்டிருக்கார்!"

சிரிங்க, சிரிங்க... பிரசவத்துல ரத்தம் போகத்தான் செஞ்சுது, கொஞ்சம் அதிகமாவே. ரேணுகா தாங்கிட்டா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.

எதுக்கு இதைச் சொல்றேன்? உங்க ஒவ்வொருத்தர் ரத்தத்துலயும் ஏதோ ஒரு நட்சத்திரம் செத்துக் குடுத்த இரும்பு ஓடுது, அண்ணாச்சி. அது பஞ்சாங்கம் பார்த்துச் சாகலை. நாம? அஞ்சு மணிக் கூட்டம்னு நோட்டீஸ் அடிச்சுட்டு, ஞாயித்துக்கிழமை ராகு காலம் போகட்டும்னு ஆறு அஞ்சுக்கு ஆரம்பிக்கிறோம். அறிவியல் மன்றக் கூட்டம்யா இது! தலைவரே, இப்பப் பாருங்க கடிகாரத்தை!

கூட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனா ஒண்ணும் குடிமுழுகாது. ஆனா ரெண்டு சனிக்கிழமை தள்ளிப்போனதுல ஒரு உயிர் கொடிக்கயித்துல தொங்குச்சு. உங்க வீட்டுல ரத்தம் கம்மியா ஒரு பொண்ணு இருந்தா நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ராகு காலம்... அந்த நேரமாப் பார்த்துப் போங்க. வரிசையே இருக்காது!