அலமாரிக்குள்ள ஒன்பது போன்

சத்தியமாச் சொல்றேன் சார், இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்த பஸ்ஸு இங்கயே பஞ்சராகட்டும்! ...பயப்படாதீங்க, ஆகாது. அத்தனையும் நிஜம்.

நம்ம பொழப்பு சலவைக் கடையில. கிழிசல் தைக்கிற அக்காவோட சேத்து மொத்தம் பத்துப் பேரு. இஸ்திரி ரூமுக்கு ஒரே சன்னல், அதுவும் ஆணியடிச்சது. அனல்னா அனல்... மேசையில வச்ச பச்சை முட்டை தானா வெந்துபோச்சு. சிரிக்காதீங்க, தின்னவனே நான்தான்! காத்தாடி கேட்டா முதலாளி, "வேலைக்கு வந்தியா, காத்து வாங்க வந்தியா?"ங்கறாரு. சரி, ரகசியமா ஒரு சங்கம் வைப்போம்னு முடிவு பண்ணோம். தெரிஞ்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும்.

பாதுகாப்புக்கு யாரு பொறுப்பு? நான்தான்! முதலாளி எல்லார் போன்லயும் ஒரு ஆப் போட்டு வச்சிருக்காரு, யாரு எங்க நிக்கிறாங்கன்னு காட்டிக் குடுத்துடும். அதனால, சாப்பாட்டு நேரத்துல போனைக் கடை அலமாரியில வச்சுப் பூட்டிட்டு அக்கா வீட்டு மாடிக்கு வாங்கன்னேன். அணைச்சு வைக்கலாமான்னு அக்கா கேட்டுச்சு. சேச்சே, அணைச்சா சந்தேகம் வரும்னு தடுத்தேன். என் போன் மட்டும் பழசு, முதலாளியோட ஆப் அதுல ஏறாது. அதனால பையிலயே வச்சுக்கிட்டேன்.

மாடியில எல்லாரும் வந்தாச்சு. ஆனா எனக்கு மனசு கேக்கல... எதுக்கும் இன்னொரு தடவை எச்சரிச்சிடுவோம்னு குரூப்புல ஒரு மெசேஜ் தட்டினேன். "சங்கக் கூட்டம் அக்கா வீட்டு மாடியில. முதலாளிக்குத் தெரியக் கூடாது. யாரும் போனைத் தொடாதீங்க."

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? ஆமா... போனெல்லாம் அலமாரியிலதான். அலமாரி பக்கத்துலதான் முதலாளி சாப்பிடுறதும். ஒன்பதும் ஒண்ணா கத்தியிருக்கு, அலமாரியே ஆடுச்சாம்! இன்னொரு சாவி போட்டுத் தொறந்தாரு. பூட்டின திரையிலயே மொத்தமும் பளிச்சுனு நிக்குது. அனுப்புனவன் பேருதான் போனுக்குப் போன் மாறுது... ஒருத்தன் என்னை 'பெருசு'ன்னு வச்சிருக்கான், ஒருத்தன் 'ரேடியோ', அக்கா 'அறுவை'ன்னு. ஒன்பது தலைவனா இருக்கும்னு மனுஷன் ஆடிப்போயிட்டாரு. அப்புறம்தான் எல்லாம் ஒரே ஆளு அனுப்புனதுன்னு உறைச்சிருக்கு.

போன் சிக்கின ஒன்பது பேரையும் வேலைக்குச் சேக்காம வெளிய நிறுத்திட்டாரு. அனுப்புனது யாருன்னு சொன்னாத்தான் வேலையாம். ஒருத்தர் வாய் தொறக்கணுமே... ம்ஹூம்! மூணு நாளு முதலாளியே இஸ்திரி போட்டாரு, கூட நானு. மூணாவது நாளு சட்டை தொப்பல், மூஞ்சி தக்காளி. "யோவ், இதுக்குள்ள எப்படிய்யா உயிரோட இருக்கீங்க?"ன்னு கேட்டுட்டு எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டாரு. இப்ப ரெண்டு காத்தாடி வாங்கத்தான் போயிட்டிருக்கேன்.

ஆனா அந்த ஆளைத் தேடுறதை மட்டும் விடல சார். விசாரணையை என் தலையில கட்டிட்டாரு. அலமாரியில போன் சிக்காத ஒரே யோக்கியன் நான்தானாம்! தெனமும் "கெடச்சானா?"ங்கறாரு. "நெருங்கிட்டேன் முதலாளி"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? அதுக்குள்ள ஸ்டாப்பு வந்துடுச்சா? சரி, போங்க... யார்கிட்ட வேணா சொல்லுங்க, யாரு சொன்னதுன்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க சார்!