தொடாத பானை

காலை ஐந்தே முக்கால். கியுலு ஆற்றுக்குப் போகிற சாலை... அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நடமாடாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜைமின் பிக்கப்பில் தனியாக வருகிறான், பின்னால் ரப்பர் படகு. ஜைமின் வேறு யாருமில்லை, நம் ரோனியின் மச்சான். சுற்றுலா வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகிற வேலை அவனுக்கு. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என்னால் கத்திச் சொல்ல ஆகாது.

வளைவில் ஒரு பெண் கை காட்டினாள். நனைந்த சாரோங், இடுப்பில் பானை. வண்டி நின்றதும் சன்னல் வழியாகப் பானையை நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்ட்டுப் போ, தம்பி."

உள்ளே போசோ. பச்சை ஆற்று மீனும் சோறும் உப்பும் போட்டுப் புளிக்கவைத்தது. நமக்கென்றால் எச்சில் ஊறும், ஜைமினுக்குக் குமட்டும். நீயெல்லாம் நம் டூசுன் இனத்தானா என்று மாமியார் வீட்டிலேயே கிண்டல் செய்வார்கள். ஆனால் இது கெட்டுப்போனது. சாம்பல் நிறக் கூழ்... மேலே நுரை... நுரைக்கு அடியில் ஏதோ நெளிந்தது. செத்த எலி வாடை.

பிடிக்கவில்லையா, தின்ன வேண்டாம். விரல் நுனியால் தொட்டு உதட்டில் ஒற்றிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? கொடுத்ததைத் தொடாமல் கிளம்பினால் கெபுனான் பிடிக்கும், வழியில் ஏதாவது ஒன்று ஆளைக் கொண்டுபோகும். நம் ஊரில் இது தெரியாத குழந்தை உண்டா? இந்த மடையன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்தான்.

ஆற்றங்கரையில் அவன் படகுக்குக் காத்திருந்தது கோத்தா கினபாலு நகரத்திலிருந்து வந்த ஒரு சீனக் குடும்பம். அப்பா, அம்மா, பத்து வயது மகள் சிங் யீ. சிரிப்பார்கள் என்று ஜைமின் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு இதில்தான் ஆத்திரம். தன் உயிர் போனால் போகட்டும், அந்தப் பிள்ளையை எப்படிப் படகில் ஏற்றினான்?

மத்தியானம் மணல்திட்டில் இலைப் பொட்டலம் பிரித்தார்கள். எல்லோருக்கும் சோறும் கோழியும். ஜைமின் தன்னுடையதைப் பிரித்தான்... அதே சாம்பல் கூழ். அப்படியே ஆற்றில் வீசினான். அது நீரோடு போகவில்லை, அங்கேயே கிடந்தது.

ஆறு சரிந்து இரைந்து ஓடுகிற அடுத்த பாய்ச்சலில் படகு பாறைகளுக்கு நடுவே குதித்து இறங்கியது. கீழே வந்ததும் நின்றுவிட்டது. பாறையில் தட்டவில்லை... சும்மா நின்றது. அடியிலிருந்து ப்ளக்... ப்ளக்... என்று குமிழ்கள். எலி வாடை. துடுப்பைத் தூக்கினால் புளித்த சோறு நூல் நூலாகத் தொங்கியது, படகின் விளிம்பெல்லாம் அப்பியது. பிள்ளையின் அம்மா வாந்தியெடுத்தாள்.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சிங் யீ தண்ணீரில் சரிந்தாள்.

ஜைமின் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அப்பா ஜைமினின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளை, மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. கீழே எதுவோ நிதானமாக இழுத்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விளிம்பிலிருந்த கூழைத் தொட்டு உதட்டில் ஒற்றினான். கீழே இழுத்த பிடி தளரவில்லை. ஒற்றுகிற நேரமெல்லாம் காலையிலேயே போய்விட்டது. மறு கையால் வழித்து வழித்து வாயில் திணித்தான். சில்லென்ற வழவழப்பு... ஈறில் ஒட்டிய செதில்... நாக்கைச் சுற்றிய நீள முடி... சோறல்லாத ஏதோ ஒன்று பல்லுக்கிடையில் பொதுக்கென்று உடைந்தது. விழுங்கினான். தொண்டைக்கு ஏறி வந்தது. திரும்ப விழுங்கினான். விளிம்பு சுத்தமாகும்வரை தின்றான்.

கீழே இருந்தது பிடியை விட்டது. பிள்ளை மேலே வந்தாள், இருமினாள், மூச்சு விட்டாள். பெற்றவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜைமினும் அழுதான். வாடை இல்லை. படகு தானாக நகர்ந்தது.

சிங் யீ முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், கீழ ஒரு ஆன்ட்டி பானையோட உக்காந்திருந்தாங்க. எனக்கும் குடுத்தாங்க."

"நீ தொட்டியாம்மா?"

"சீ... நாறுச்சு. நான் தொடவே இல்ல."

ஜைமின் விளிம்பைத் தடவினான். படகின் தரையைத் தடவினான். தன் நகக்கண்ணை நோண்டினான். அவள் உதட்டில் ஒற்ற ஒரு பருக்கைகூட மிச்சமில்லை... எல்லாவற்றையும் அவனே தின்றிருந்தான். முன்னால் கடைசிப் பாய்ச்சலின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது.