இடது கையில் ரொட்டி

என் பெயர் ஹில்டா. காலஞ்சென்ற வேதமுத்துவின் மனைவி. வயது அறுபத்து நான்கு. திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்கு வடக்கே சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். கான்வென்டில் படித்தவள்; தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும்.

என் ஒரே மகன் அருள்தாஸ் பர்மா யுத்தத்தில் சிப்பாய். சென்ற பிப்ரவரியில் அவனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. இறந்துவிட்டான் என்று கொண்டு ஆத்துமப் பூசை வைக்கலாம் என்றார் பங்குச் சாமியார். நான் சம்மதிக்கவில்லை.

1945 மே 12ஆம் தேதியாகிய இன்று காலை, ஆவடி பட்டாளத்து மைதானத்தில் யுத்தப் படங்கள் வைத்திருந்த கூடாரத்துக்குச் சென்றேன். தளபதிகள் வரைபடம் பார்ப்பதும், சிப்பாய்கள் சவரம் செய்துகொள்வதுமாகப் பல படங்கள். அதன் பிறகு ஒரு படத்தில், பார்வையிட வந்த தளபதிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒருவன் இடது கையால் ரொட்டி தின்பதைக் கண்டேன். முகத்தில் தொப்பியின் நிழல். ஏப்ரலில் எடுத்தது என்று கீழே அச்சிட்டிருந்தது. அருள்தாஸ் இடது கையால் சாப்பிடுவான். எவ்வளவு கண்டித்தும் மாற்றிக்கொள்ளவில்லை.

முகாம் அதிகாரியிடம் காட்டுவதற்குப் படத்தைத் தரும்படி காவலாள் கோவிந்தனைக் கேட்டேன். தர முடியாது, மாலையில் எல்லாம் வேறு ஊருக்குப் போகிறது என்றார். அதன் பிறகு நானே அதை ஆணியிலிருந்து கழற்றி, மறைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

"இன்னா தொரசானி, தொரைங்க படத்தையே தூக்கினு கிளம்பிட்டே? ஊட்ல மாட்டிக்கவா?" என்று கோவிந்தன் வழிமறித்தார்.

"மரியாதையாகப் பேசு. இதில் என் பிள்ளை இருக்கிறான்" என்றேன்.

அதன் பிறகு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துவந்து, படத்தை மேஜைமேல் வைத்தார்கள்.

"மூஞ்சே தெரில, எப்டிம்மா உன் புள்ளன்ற?" என்றார் ஏட்டு கன்னியப்பன்.

கையைக் காட்டக் குனிந்தேன். அப்போதுதான் தளபதியின் பதக்கப் பட்டைகள் வலப்பக்க மார்பில் இருக்கக் கண்டேன். என் கணவர் முந்திய யுத்தத்தில் பெற்ற பதக்கத்தை நான்தான் அவர் கோட்டில் குத்திவிடுவேன். அது இடப்பக்கம்தான் வரவேண்டும். ஆகவே படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அந்தச் சிப்பாய் வலது கையால் சாப்பிடுகிறவன். யார் பெற்ற பிள்ளையோ தெரியாது. இதை ஏட்டு கவனிக்கவில்லை. நானே சொன்னேன். படத்தை ஒப்படைத்தேன். கண்ணாடி உடையவில்லை.

நான் சொல்ல எழுதிய இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் வாங்கிப் படித்தேன். அனைத்தும் நடந்தபடியே இருக்கிறது. எழுத்துப் பிழைகளை என் கையாலேயே திருத்தினேன். 'இடது கையால் சாப்பிடுவான்' என்ற இடத்தைத் தொடவில்லை. 'சாப்பிடுவான்' என்ற சொல் முன்பு நடந்துவந்ததற்கும் பொருந்தும், இனி நடக்கப்போவதற்கும் பொருந்தும்.

(ஒப்பம்) ஹில்டா வேதமுத்து